விளையாட்டு வினையாகுமோ?



விளையாட்டு வினையாகும் என்று எச்சரித்துச் சென்றனர் நம் முன்னோர். எச்சரிக்கை மெய்யானதே. ஆயினும் அதே முன்னோர்தாம் மண்டபத்துக் கல்தளத்திலும், வீட்டுத் திண்ணையிலும், ஆற்றங்கரை மரத்தடியிலும் ஆடு புலி ஆட்டத்துக்குக் கோடு கிழித்து வைத்தனர். பெண்டிர் பல்லாங்குழியில் கணக்குப் பயின்றனர். அவர்கள் விளையாட்டை வெறுக்கவில்லை, அளவறிந்து போற்றினர். இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருளும் அந்த அளவறிதலைப் பற்றியதே.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தாயார் நமக்கு மடல் விடுத்துள்ளார். கணவர் கடற்றொழில் செய்பவர். மூத்த மகன் கல்லூரியில் கணினி அறிவியல் பயில்கிறான். வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் தொழிலுக்குப் போக வேண்டும், அதற்குச் செயற்கை நுண்ணறிவு நுட்பங்களைக் கற்க வேண்டும் என்கிறானாம். பயிற்சி நிலையம் ஒன்று கேட்கும் கட்டணத்தைச் செலுத்துவதென்றால், தாலி நீங்கலாக வீட்டிலுள்ள நகை அனைத்தும் அடகுக் கடைக்குப் போக வேண்டுமாம். அவ்வம்மையார் மூன்று வினாக்களை எழுப்புகிறார். இது உருப்படியான கல்வியா, அல்லது விளையாட்டுப் பித்துக்கு இட்ட நாகரிகப் பெயரா? இதைக் கற்க இவ்வளவு பொருள் வேண்டுமா? பிறர் பிள்ளைகளைத் திரைக்கு அடிமையாக்கும் தொழிலில் நம் பிள்ளை ஈடுபடுவது ஆண்டவருக்கு ஏற்குமா?

மூன்றும் நல்ல வினாக்கள். மூன்றாவது மிக நல்ல வினா. இதே கவலை இன்று நம் பங்குகள் பலவற்றில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளில் இருப்பதால், அவருக்குத் தனியே எழுதாமல் அனைவருக்கும் பொதுவாகவே விடை கூற முற்படுகிறோம்.

புலி எவ்வாறு சிந்திக்கிறது?

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். நாம் அறிந்த ஆடு புலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்க. ஊருக்கு ஊர் விதி சிறிது மாறினும், பெரும்பாலும் புள்ளிகள் 23, புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டி வெற்றிடத்தில் குதித்தால் ஆடு வெட்டுப்படும். ஆடுகள் ஒன்றுகூடிப் புலிகளை நகரவொட்டாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி. எளியவர் ஒற்றுமையால் வலியவரைக் கட்டும் இவ்வாட்டத்தில் நல்லதொரு பாடமும் உண்டு.

இவ்வாட்டத்தைக் கணினித் திரையில் அமைத்து, புலிகளின் பக்கம் கணினியே ஆட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணினிக்குப் பசியில்லை, ஆட்டின்மேல் ஆசையுமில்லை. ஆதலின் புலியின் கருத்தை நாம் எழுத்தாலும் எண்ணாலும் அதற்கு ஊட்ட வேண்டும். அவ்வாறு ஊட்டும் கலைதான் விளையாட்டுகளில் பயன்படும் செயற்கை நுண்ணறிவு.

மூன்று புலிகளை 23 புள்ளிகளில் வைப்பதற்கு 1,771 வகை உண்டு. எஞ்சிய 20 புள்ளிகளில் 15 ஆடுகளை வைப்பதற்கு 15,504 வகை. இரண்டையும் பெருக்கினால், ஆடுகள் அனைத்தும் களத்தில் நிற்கும் நிலைகள் மட்டுமே 2 கோடியே 74 லட்சத்துக்கு மேல். மனிதனுக்கு இது மலைப்பூட்டும் எண். கணினிக்கோ சிறு எண். 'நான் இங்கே நகர்ந்தால் எதிரி எங்கே நகர்வான்? அதற்கு நான் என்ன செய்வேன்?' என்று கிளைகிளையாக விரித்துப் பார்த்து, எதிரி தன் பக்கத்துக்கு மிகச் சிறந்ததையே ஆடுவான் என்று கொண்டு, அந்நிலையிலும் தனக்குக் கேடு குறைந்த வழியைத் தேர்வதே முதல் நுட்பம். எல்லாக் கிளைகளையும் இறுதிவரை காண இயலாதபோது, பாதியில் நின்று நிலைமைக்கு ஒரு மதிப்பெண் இடவேண்டும். வெட்டிய ஆட்டுக்கு இவ்வளவு, அடைபட்ட புலிக்கு இவ்வளவு குறைவு என்பது போல.

சதுரங்கத்துக்கு இம்முறையைப் பொருத்தி 1950-இல் கட்டுரை எழுதியவர் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன். 1959-இல் ஆர்தர் சாமுவேல் என்பவர், ஆடியாடித் தன் மதிப்பெண் முறையைத் தானே திருத்திக்கொள்ளும் செக்கர்ஸ் நிரல் ஒன்றைப் பற்றி எழுதினார். 1997-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் ப்ளூ' கணினி, உலக வாகையர் காஸ்பரோவைப் போட்டித் தொடரில் வென்றது. நம் ஆட்டத்தின் உறவான நேபாளத்து 'பாக் சால்' ஆட்டத்தில் புலிகள் 4, ஆடுகள் 20. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லிம் யூ ஜின் என்பவரும், பேராசிரியர் யூர்க் நீவர்கெல்ட் என்பவரும் அதனைக் கணினி கொண்டு ஆராய்ந்து, இருபுறமும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று நிறுவினர். திண்ணை விளையாட்டு பல்கலைக்கழக ஆய்வாவது இவ்வாறுதான்.

எனவே முதல் வினாவுக்கு விடை இது: இது பித்தன்று; கணக்கும் தருக்கமும் பொறுமையும் வேண்டும் உண்மையான கல்வி. ஆனால் விளையாடுவதில் வல்லவன் என்பதனால் மட்டும் ஒருவன் இதில் வல்லவனாகிவிட மாட்டான். பரோட்டா உண்பதில் வல்லவன் பரோட்டா மாஸ்டராவதில்லை அன்றோ!

வழியும் கூட்டமும் குணமும்

இன்னும் மூன்று நுட்பங்களைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, வழி காணல். தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரம் செல்லப் புதுச்சத்திரம் வழியாகவும் போகலாம். வடலூர், சேத்தியாத்தோப்பு சுற்றியும் போகலாம். எது குறுகிய வழி? 'இதுவரை கடந்த தூரம்' ஒன்று. 'இங்கிருந்து சிதம்பரத்துக்குக் காகம் பறக்கும் தூரம்' மற்றொன்று. ஒவ்வோர் ஊரிலும் இரண்டையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த ஊரை முதலில் ஆராய்ந்துகொண்டே போனால், வீண் அலைச்சலின்றிக் குறுகிய வழி கிட்டும். 1968-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் ஹார்ட், நில்சன், ரஃபேல் ஆகிய மூவர் இதனை வகுத்தனர். 'ஏ-ஸ்டார்' என்பது பெயர். விளையாட்டில் வீரன் சுவரில் முட்டாமல் நடப்பதற்கு இன்றும் இதுவே பெருந்துணை.

இரண்டாவது, கூட்டமாய் இயங்கல். மத்தி மீன் கூட்டம் கரையோரம் திரும்புவதைக் கடற்றொழிலாளர் அறிவர். ஆயிரம் மீன்களுக்கும் தலைவன் என்று ஒன்று கட்டளையிடுவதில்லை. 1980-களில் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்பவர் மூன்றே விதிகளால் இத்தகைய இயக்கத்தைத் திரையில் காட்டினார்: அண்டை உயிரோடு மோதாதே, அண்டை உயிர் செல்லும் திசையில் செல், கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே. இம்மூன்றையும் ஒவ்வொன்றும் கடைப்பிடித்தால் கூட்டம் தானே உருவாகிறது. (ஓர் அன்பியத்துக்கும் இம்மூன்று விதிகள் போதுமே என்று நமக்குத் தோன்றியதுண்டு!)

மூன்றாவது, குணம் காட்டல். 1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாடானி உருவாக்கிய 'பேக்-மேன்' விளையாட்டில் நான்கு பேய்கள் வரும். சிவப்புப் பேய் ஆடுபவன் நிற்கும் இடத்தையே நாடித் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் அவனுக்கு நான்கு கட்டம் முன்னே சென்று மறிக்கப் பார்க்கும். மற்றொன்று, எப்படித் திரும்புமென்று ஊகிக்க இயலாதது. நான்காவது, தொலைவில் இருக்கையில் துரத்தி, நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். விதிகளோ சில வரிகள். காண்பவருக்கோ நான்கும் நான்கு ஆள்களாகத் தோன்றும்.

இங்கு ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அப்பேய்கள் இடைவிடாமல் துரத்துவதில்லை. சிறிது நேரம் துரத்தும். பின்னர்க் கலைந்து மூலைகளுக்குச் செல்லும். ஆடுபவன் மூச்சு வாங்கிக்கொள்வான். இவ்விடைவேளையை ஆக்கியவரே வேண்டுமென்று வைத்தார். ஆம், விளையாட்டு நுண்ணறிவின் நோக்கம் ஆடுபவனை நசுக்குவதன்று. சிறு பேரனோடு தாயம் ஆடும் தாத்தா, எல்லா ஆட்டத்திலும் தாமே வெல்வாராயின் பேரன் மறுநாள் வரமாட்டான். எல்லாவற்றிலும் தோற்றுக்கொடுத்தாலும் வரமாட்டான். அறிந்து, அளந்து, அன்போடு எதிர்நிற்கும் அத்தாத்தாவின் கலையே இக்கலை. இதை மனத்தில் இருத்துக. மூன்றாம் வினாவுக்கு விடை காண இது உதவும்.

எரியும் படகு

இக்காலத்தில் பேசப்படும் கற்றல் முறைக்கு வருவோம். இதில் நாம் விதி எழுதித் தருவதில்லை. பரிசு மட்டும் தருகிறோம். நன்றாகச் செய்தால் மதிப்பெண், இல்லையேல் இல்லை. கணினி கோடிமுறை முயன்று, மதிப்பெண் கூடும் வழியைத் தானே கண்டுகொள்கிறது. லண்டனின் டீப்மைண்ட் நிறுவனத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், திரையின் படப்புள்ளிகளையும் மதிப்பெண்ணையும் மட்டுமே கண்டு, 49 பழைய அட்டாரி விளையாட்டுகளை ஒரே நிரல் கற்றுக்கொண்டது. 2016-இல் அவர்களுடைய 'ஆல்ஃபாகோ', கொரியாவின் கோ ஆட்ட வீரர் லீ செடோலை வென்றது.

ஆனால் அதே 2016-இல் ஓப்பன்-ஏ.ஐ. என்ற ஆய்வுக் குழுவினர் மற்றொரு செய்தியை வெளியிட்டனர். படகுப் பந்தய விளையாட்டு ஒன்றில் கணினியைப் பழக்கினர். பந்தயத்தை விரைவில் முடிக்க வேண்டும் என்பது மனிதர் கருத்து. மதிப்பெண்ணோ, வழியில் உள்ள இலக்குகளைத் தட்டுவதற்கே வழங்கப்பட்டது. படகு என்ன செய்தது? பந்தயத்தையே விட்டுவிட்டது. ஒதுக்கமான ஓரிடத்தில், திரும்பத் திரும்பத் தோன்றும் மூன்று இலக்குகளைத் தட்டிக்கொண்டு வட்டமிட்டது. பிற படகுகளின்மேல் மோதியது; தீப்பற்றி எரிந்தது; வட்டமிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. கரை சேரவே இல்லை. ஆயினும் அதன் மதிப்பெண் மனிதர் பெறுவதைவிடச் சராசரி 20 விழுக்காடு மிகுதி!

கணினி பொய் சொல்லவில்லை, விதியை மீறவில்லை. கேட்டதைக் கொடுத்தது. கேட்டவர் கேட்டது வேறு, விரும்பியது வேறு.

இத்தகைய கதை நம் மண்ணுக்குப் புதிதன்று. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கும்பெனியார் விலைக்கு வாங்கினர். கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள நிலமும் வாங்கியவருக்கே என்பது உடன்பாடு. கும்பெனியார் எப்பீரங்கியைத் தேர்ந்தனர்? தொலைவு எட்டும் பெரிய பித்தளைப் பீரங்கியை. கைதேர்ந்த பீரங்கிக்காரன் திசைதோறும் சுட்டான். கடலூர் நகரமும் சுற்றியுள்ள சிற்றூர்களும் அவ்வெல்லைக்குள் அடங்கின. 'குண்டு கிராமங்கள்' என்றே அவை வழங்கலாயின. உடன்பாட்டின் எழுத்து காக்கப்பட்டது. மனிதர் எதை எதிர்பார்த்தனர் என்பது எவருக்கு வேண்டும்? புனித டேவிட் கோட்டையின் சிதைவுகளைக் காணும் இளைஞர் இதை நினைவிற் கொள்வாராக. அளவுகோலை அமைப்பவன் விழிப்பாயிராவிடில், அளவுகோலே அவனை ஏமாற்றும்.

பெற்றோரே, நம் இல்லங்களிலும் எரியும் படகுகள் இல்லையா? பிள்ளை கற்றானா என்று கேளாமல், எத்தனை மதிப்பெண் என்று மட்டும் கேட்கிறோம். மகன் நேர்மையாய் வாழ்கிறானா என்று கேளாமல், என்ன சம்பளம் என்று கேட்கிறோம். நாம் எதற்குப் பரிசு தருகிறோமோ அதையே அவர்கள் தட்டித் தட்டி வட்டமிடுகின்றனர். பின்னர், கரை சேரவில்லையே என்று கண்ணீர் விடுகிறோம். கணினியைப் பழக்கும் நுட்பம் இவ்வளவு தெளிவாக நம் குழந்தை வளர்ப்புக்குக் கண்ணாடி பிடிக்கும் என்று நாம் எதிர்பார்த்திருக்க மாட்டோம்.

நகையை அடகு வைக்கலாமா?

இரண்டாம் வினாவுக்கு விடை சுருக்கமானது: வேண்டாம். குறைந்தது இப்போது வேண்டாம்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் இயேசுவே வினவினார். இக்கல்வியின் அடித்தளம் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் தீபக் கேமானி, தேடல் முறைகளைப் பற்றி நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடங்கள் 'என்.பி.டி.இ.எல்.' என்னும் தேசியத் திட்டத்தில் உள்ளன. நாம் மேலே கூறிய ஆட்டக் கிளைகளும் ஏ-ஸ்டார் வழியும் அவற்றில் விரிவாக விளக்கப்படுகின்றன. பாடம் கேட்கக் கட்டணமில்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டும் கட்டணம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் பைத்தான் மொழிவழிச் செயற்கை நுண்ணறிவு கற்பிக்கும் அறிமுகப் பாடத்தை இலவசமாக வழங்குகிறது. விளையாட்டு அமைக்கும் 'கோடோ' என்னும் மென்பொருள், அர்ஜென்டினா நாட்டவர் இருவர் தொடங்கியது. 2014 முதல் எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். சாதாரண மடிக்கணினி ஒன்றே தொடக்கத்துக்குப் போதும்.

தம்பிக்கு நாம் கூறும் வரிசை இது. முதலில் பைத்தான் மொழியைச் செம்மையாகக் கற்கட்டும். அடுத்து, சுழியும் பெருக்கற்குறியும் இட்டு ஆடும் ஒன்பது கட்ட ஆட்டத்தில் தோற்காத கணினியை அமைக்கட்டும். மூன்றாவதாக, ஆடு புலி ஆட்டத்தை எடுக்கட்டும். புலி பக்கத்தையும் ஆடு பக்கத்தையும் கணினியே ஆடச் செய்து, எது மிகுதியாக வெல்கிறது என்று குறிப்பெழுதட்டும். நான்காவதாக, கோடோவில் சிறு விளையாட்டு ஒன்றை அமைத்து, வழி காணலையும் கூட்ட இயக்கத்தையும் குண மாற்றத்தையும் அதில் பொருத்தட்டும். தானே கற்கும் முறையை இறுதியில் தொடட்டும். அடித்தளமின்றி அதனைத் தொடுபவர் பிறர் எழுதியதைப் படியெடுக்கவே கற்பர். இவற்றோடு கல்லூரிக் கணிதத்தைப் புறக்கணிக்கலாகாது. நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் இக்கலையின் எலும்பும் நரம்பும் ஆகும். ஆங்கிலப் பாடத்தை விளங்கிக்கொள்வது கடினமாயின், தானே தமிழில் குறிப்பெழுதிக்கொள்வது நல்ல வழி. பிறருக்கு விளக்க எழுதும்போதுதான் நமக்கே விளங்கும்.

இவ்வாறு ஓராண்டு உழைத்து, இரண்டு மூன்று சிறு விளையாட்டுகளை முழுமையாக முடித்துக் காட்டுவானாயின், அவனது ஆர்வம் நிலையானது என்று அறியலாம். பாதியில் விட்டால், இழப்பு சில மாதங்களே. அன்னையின் நகை அன்று. அதன் பின்னும் பயிற்சி நிலையம் தேவையென்று தோன்றினால், சேருமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கற்பிப்பவர் தாமே விளையாட்டு ஏதேனும் ஆக்கியவரா? அங்குப் பயின்றோர் ஆக்கியவற்றைக் காட்ட முடியுமா? கட்டணத்தைத் தவணையாகச் செலுத்தலாமா? இடையில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் தருவீர்களா? 'வேலை உறுதி' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி எவரும் கடன் பட வேண்டாம். விளையாட்டுத் தொழிலில் ஆள் எடுப்பதும் நீக்குவதும் விரைவாக நிகழ்வன என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ஆதலின் கல்லூரிப் பட்டத்தைக் கைவிட்டு இதற்குப் போவதை நாம் ஒருபோதும் பரிந்துரையோம்.

ஆண்டவருக்கு ஏற்குமா?

இனி மூன்றாம் வினா. இதில் இரண்டு விளையாட்டுகளைப் பிரித்தறிய வேண்டும்.

பணம் வைத்து ஆடுவது ஒன்று. அதனால் தமிழகத்தில் எத்தனை குடும்பங்கள் சிதைந்தன என்பதை நாமறிவோம். 2022-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து, மற்ற விளையாட்டுகளையும் போட்டிகளையும் ஊக்குவிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இவ்வகைச் சூதுக்கு அறிவை விற்பது நம் பிள்ளைகளுக்குத் தகாது. இதில் ஐயமே இல்லை.

மற்றொன்று, பணம் வையாத விளையாட்டு. இதிலும் இரு வழிகள் உள்ளன. பேக்-மேனின் பேய்களைப் போல், ஆடுபவனுக்கு மூச்சு வாங்க இடம் தந்து, அவன் திறமை வளர எதிர்நிற்கும் நுண்ணறிவு உண்டு. ஆடுபவனின் பலவீனத்தைக் கற்று, அவன் எப்போது சலிப்பான், எப்போது பொருள் வாங்குவான் என்று கணித்து, எழவொட்டாமல் கட்டிவைக்கும் நுண்ணறிவும் உண்டு. கடையில் பொருள் வாங்கத் தூண்டும்படி ஆட்டக்காரரை ஒருவரோடொருவர் சேர்க்கும் முறைக்கு 2017-இல் அமெரிக்காவில் காப்புரிமையே வழங்கப்பட்டது. முதலாவது, நாம் முன்பு கூறிய தாத்தா. இரண்டாவது, ஆட்டை நோக்கும் புலி. இரண்டும் ஒரே கணக்கைத்தான் கற்றுள்ளன. வேறுபாடு கணக்கில் இல்லை; எதற்கு மதிப்பெண் என்று முடிவு செய்த மனிதனின் மனச்சான்றில் உள்ளது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' என்பதும் ஒரு நோயாக இடம்பெற்றுவிட்டது. இத்தொழிலில் இறங்குபவர், மருந்து கலப்பவருக்குரிய பொறுப்போடு இறங்க வேண்டும்.

திருச்சபையின் போதனையும் இதுவே. 2024 சூனில் இத்தாலியில் கூடிய ஜி-7 நாடுகளின் தலைவர்கள்முன் உரையாற்றிய திருத்தந்தை பிரான்சிஸ், பொறி பலவற்றுள் ஒன்றைத் தேரலாம், ஆனால் இதயத்தோடு முடிவெடுப்பது மனிதனுக்கே உரியது என்ற கருத்தை வலியுறுத்தினார். 2025 சனவரியில் திருப்பீடம் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்னும் ஏடு, செயற்கை நுண்ணறிவை மனித அறிவுக்கு நிகரான மற்றோர் அறிவாகக் கொள்ளாமல், மனித அறிவின் விளைபொருளாகக் கொள்ளுமாறு கற்பிக்கிறது. 'பழையனவும் புதியனவும்' என்னும் அப்பெயர், தம் கருவூலத்திலிருந்து பழையதையும் புதியதையும் எடுத்துத் தரும் வீட்டுத் தலைவரைப் பற்றிய நற்செய்தி உவமையிலிருந்து வந்தது. 2025 மே திங்களில் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, தம் பெயரைத் தேர்ந்த காரணத்தைக் கூறுகையில், தொழிற்புரட்சிக் காலத்துத் தொழிலாளருக்காக 1891-இல் திருமடல் வரைந்த பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்து, இன்று செயற்கை நுண்ணறிவு எழுப்பும் அறைகூவலையும் சுட்டினார். ஆகவே திருச்சபை நம் பிள்ளைகளை இக்கல்வியிலிருந்து விலகி ஓடச் சொல்லவில்லை. விழிப்போடு உள்ளே செல்லச் சொல்கிறது.

உள்ளே சென்றவர்களுள் இருவரைக் காட்டுவோம். 1976-இல் லண்டனில் பிறந்த டெமிஸ் ஹசாபிஸ், சிறுவயதில் சதுரங்க வீரர். பதினேழு வயதளவில் 'தீம் பார்க்' என்னும் கணினி விளையாட்டை ஆக்குவதில் பங்கேற்றார். பின்னர் அவரே டீப்மைண்ட் நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவர். விளையாட்டில் பழகிய அக்கலையைப் புரதங்களின் வடிவத்தைக் கணிப்பதற்குத் திருப்பினார். மருந்தாய்வுக்குத் துணைசெய்யும் அப்பணிக்காக 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தாலந்தைப் புதைக்காமல் பெருக்கியதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மற்றவர் நம்மவர்; 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ். 1991-இல் பிறந்து 2006-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த இவ்விளைஞர், கணினி நிரல் எழுதுவதைத் தாமே கற்றவர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டவர். விளையாட்டுக் கருவி அவரிடமும் இருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைத் தொடுவதில்லை என்று தமக்குத்தாமே வரம்பு கட்டிக்கொண்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. கருவியை அவர் வெறுக்கவில்லை. அதற்கு அடிமையாகவும் இல்லை.

இல்லத்தின் கடமை

பெற்றோர் ஒதுங்கி நிற்கலாகாது. 'எங்களுக்கு ஒன்றும் புரியாது' என்று கூறும் தாய்மார்க்கு ஒரு சான்று. கொள்ளிடத்துக்கு அப்பால் மயிலாடுதுறையில் 1969-இல் பிறந்த விசுவநாதன் ஆனந்த், சதுரங்கத்தைத் தம் தாயாரிடமே கற்றார். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டரானார். அத்தாயார் உலக வாகையர் அல்லர். ஆனால் பலகையின் எதிரே மகனோடு அமர்ந்தார். அதுவே பெரிது.

மகன் அமைக்கும் ஆடு புலி ஆட்டத்தில் முதல் ஆட்டக்காரர் அன்னையாகவே இருக்கட்டும். தந்தை கடலிலிருந்து திரும்பிய மாலையில் அவரும் ஒரு கை ஆடட்டும். 'உன் புலி ஏன் இங்கே நகர்ந்தது? எதற்கு எவ்வளவு மதிப்பெண் வைத்தாய்?' என்று கேட்கட்டும். விளக்க முடியாவிடில் அவன் இன்னும் கற்கவில்லை என்பது அப்போதே விளங்கிவிடும். அடுத்து, 'இதை ஆடும் உன் தங்கை எப்போது எழுந்து பாடம் படிக்கப் போவாள்? அதற்கு உன் விளையாட்டில் என்ன ஏற்பாடு?' என்றும் கேட்கட்டும். இக்கேள்வியை எப்பயிற்சி நிலையத்தின் பாடத்திட்டமும் கேளாது. வீடுதான் கேட்க வேண்டும்.

விருத்தாசலம் அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், பரமார்த்த குருவின் கதையையும் நமக்குத் தந்தார். ஆற்றைக் கடந்த சீடர்கள் ஒருவரையொருவர் எண்ணினர். எண்ணியவன் தன்னை எண்ண மறந்ததால், ஒருவன் குறைகிறான் என்று கதறினர். கணினியும் அவ்வாறே அனைத்தையும் எண்ணும். எண்ணுபவன் யார், எதற்கு எண்ணுகிறான் என்பதை மட்டும் அறியாது. அக்கணக்கில் மனிதனைச் சேர்ப்பது, அதனை ஆக்கும் இளைஞனின் கடமை. அவ்விளைஞனை ஆக்கும் குடும்பத்தின் கடமை.

தேவனாம்பட்டினத்துச் சகோதரியே, நகை பெட்டியிலேயே இருக்கட்டும்; மகன் கற்கட்டும். அவன் ஆக்கும் புலிகள் பிறர் பிள்ளைகளை விழுங்காதிருக்க நாமும் மன்றாடுவோம்.